எண்ணெய் ஜெல்லில் எமல்சிஃபையர் என்ன செய்கிறது? ஆய்வக மேசையில் கண்டறிய முழுமையான வழிகாட்டி

ரிஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயில் 5% தேன்மெழுகைக் கரைத்து ஆறவிட்டால், குழாயைக் கவிழ்த்தாலும் ஒழுகாத ஜெல் கிடைக்கும். அதில் கொஞ்சம் எமல்சிஃபையர், அதாவது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர உதவும் லெசித்தினோ மோனோகிளிசரைடோ, சேர்த்தால் ஜெல் இறுகுமா, இளகுமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரும்பாலும் எல்லோரும் அவரவர் பார்த்ததைத்தான் சொல்கிறார்கள். எந்த எமல்சிஃபையர், எப்படிச் சேர்த்தார்கள், எந்த வேகத்தில் ஆறவைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

உணவுத் தொழில்நுட்பம் படிப்பவர்களும், வனஸ்பதிக்கு மாற்றாக எண்ணெய் ஜெல்லை முயன்று பார்க்கும் சிறு பேக்கரிக்காரர்களும் இதைப் பின்பற்றலாம். தேன்மெழுகு ஜெல்லை எடுத்துக்கொண்டு, சர்ஃபாக்டன்ட் அதன் உள்கட்டமைப்பை எப்படி மாற்றுகிறது என்று நீங்களே கண்டுபிடிக்கும் வரிசை இது. உணவுத் துறையில் சர்ஃபாக்டன்டை எமல்சிஃபையர் என்றே சொல்வோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எண்ணெய்: ரிஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெய். முழுச் சோதனைக்கும் ஒரே பேட்ச் எண் உள்ள டின். மரச்செக்கு எண்ணெய் முதல் சுற்றுக்கு வேண்டாம். அதில் பாஸ்போலிப்பிடும் தனிக் கொழுப்பு அமிலமும் டைகிளிசரைடும் ஏற்கெனவே கலந்திருக்கும். நீங்கள் 'எமல்சிஃபையர் இல்லாத மாதிரி' என்று எழுதி வைப்பது உண்மையில் அப்படி இருக்காது.

மெழுகு: உணவுத் தரத் தேன்மெழுகு, ஒரே கட்டியிலிருந்து. தேன்மெழுகு ஒற்றைப் பொருளல்ல. மெழுகு எஸ்டர்தான் பெரும்பங்கு. கூடவே ஹைட்ரோகார்பனும் தனிக் கொழுப்பு அமிலமும் உண்டு. கட்டிக்குக் கட்டி இந்த விகிதம் மாறும். எனவே தேவையான மொத்தத்தையும் முதலிலேயே துருவி, கலந்து, ஒரே டப்பாவில் வைத்துவிடுங்கள்.

எமல்சிஃபையர்: எண்ணெய் நீக்கிய லெசித்தின் தூள், காய்ச்சி வடித்த கிளிசரால் மோனோஸ்டீரேட் (மோனோகிளிசரைடு வகை, இனி மோனோஸ்டீரேட்), ஸ்பான் 60, ஸ்பான் 80 (இரண்டும் சார்பிட்டனின் கொழுப்பு அமில எஸ்டர்கள்). இந்த நான்கும் போதும். பாகு போன்ற திரவ லெசித்தினில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெயே இருக்கும். அதை எடுத்தால் கணக்கைத் திருத்த வேண்டியிருக்கும்.

கருவிகள்: தராசு, வாட்டர் பாத், மேக்னெட்டிக் ஸ்டிரர், தெர்மாமீட்டர், மூடியுள்ள கண்ணாடிக் குழாய்கள், சிறிய சென்ட்ரிஃபியூஜ், இரண்டு போலராய்டு தகடு செருகக்கூடிய மைக்ரோஸ்கோப், 20 அல்லது 25 டிகிரியில் நிற்கும் இன்குபேட்டர். ஜெல்லின் விறைப்பை அளக்கும் ரியோமீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றாலும் வேலை நிற்காது.

இன்குபேட்டரை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மே மாதத்து மதியத்தில் ஏசி இல்லாத அறை 35 டிகிரியைத் தாண்டும். மெழுகின் குறைந்த உருகுநிலைப் பகுதிகள் அப்போது எண்ணெயில் கரைந்துவிடும். காலையில் அளந்த குழாயும் மதியம் அளந்த குழாயும் வேறு வேறு ஜெல் ஆகிவிடும்.

தராசு பற்றி ஒன்று. 40 கிராம் மாதிரியில் 0.25% என்றால் 0.1 கிராம். இரண்டு தசம இடம் காட்டும் தராசில் அதை எடை போட்டால் பத்தில் ஒரு பங்கு பிழை சாதாரணமாக வரும். அதற்குப் பதில் எமல்சிஃபையரை அதே எண்ணெயில் 5% கரைசலாகத் தயாரித்து, அதிலிருந்து 2 கிராம் எடுங்கள். எடுக்கும் முன் சூடாக்கிக் கலக்க வேண்டும். மோனோஸ்டீரேட் கரைசல் ஆறினால் உறைந்துவிடும், லெசித்தின் அடியில் தங்கிவிடும்.

2. எமல்சிஃபையரை வாலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

புதிதாக வருபவர்கள் முதலில் தேடுவது ஹெச்.எல்.பி. மதிப்பை, அதாவது எமல்சிஃபையர் தண்ணீரை எவ்வளவு விரும்பும், எண்ணெயை எவ்வளவு விரும்பும் என்று காட்டும் அளவை. ஸ்பான் 60-க்கு 4.7, ஸ்பான் 80-க்கு 4.3 என்று அட்டவணையில் பார்த்துவிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எழுதிவிடுவார்கள். மெழுகு ஜெல்லில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகக்கூடும். ஹெச்.எல்.பி. என்பது எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் இடத்துக்கான கணக்கு. இங்கே தண்ணீரே இல்லை.

எமல்சிஃபையர் மூலக்கூறுக்குத் தண்ணீரை விரும்பும் தலையும் எண்ணெயை விரும்பும் வாலும் உண்டு. இங்கே பார்க்க வேண்டியது அந்தக் கொழுப்பு அமில வால். ஸ்பான் 60-இலும் மோனோஸ்டீரேட்டிலும் இருப்பது நேரான, நிறைவுற்ற 18 கார்பன் சங்கிலி. மெழுகின் நீண்ட சங்கிலிகளோடு அது பக்கவாட்டில் ஒட்டி அடுக்காக அமரும். படிகத்துக்குள்ளேயே நுழையலாம், அல்லது படிகம் முளைக்க இடம் கொடுக்கலாம். ஸ்பான் 80-இன் வால் ஓலிக் அமிலம். நடுவே இரட்டைப் பிணைப்பில் வளைந்திருப்பதால் அந்த வரிசையில் அடங்காது. படிகத்தின் மேற்பரப்பில் ஒட்டி வளர்ச்சியைத் தடுக்கும், அல்லது எண்ணெயிலேயே சும்மா கிடக்கும்.

சோயா லெசித்தினில் லினோலிக் அமிலம் அதிகம், ஆகவே வால் விஷயத்தில் அது ஸ்பான் 80 பக்கம். ஆனால் தலை பெரியது, மின்சுமை உள்ளது. எண்ணெயில் தலைகள் உள்நோக்கித் திரும்பித் தலைகீழ் மைசெல்களாகச் சேர்ந்துகொள்ளும். துளி ஈரம் பட்டால் அந்த மைசெல்லின் வடிவமே மாறும். லெசித்தின் டப்பாவைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகக்கூடாது என்று சொல்வது இதனால்தான்.

ட்வீன் 80-ஐயும் சேர்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பார்கள். ஒப்பீட்டுக்காகச் சேர்க்கலாம். தண்ணீர் விரும்பும் பொருள் என்பதால் எண்ணெயில் கலங்கலாகவோ அடியில் பிரிந்தோ நிற்கலாம். அப்படி நின்றால் அந்த மாதிரியை விலக்கிவிடுங்கள். கரையாத பொருளின் விளைவை அளப்பதில் பொருளில்லை.

3. சேர்ப்பதா, மாற்றுவதா? காகிதத்தில் முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. அடுப்பைப் பற்றவைக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும்.

5% மெழுகுள்ள ஜெல்லில் 1% மோனோஸ்டீரேட் சேர்க்கிறீர்கள். ஜெல் இறுகுகிறது. 'எமல்சிஃபையர் கட்டமைப்பை வலுப்படுத்தியது' என்று எழுதலாமா? முடியாது. மோனோஸ்டீரேட் தானே எண்ணெயை உறைய வைக்கும் பொருள். மொத்தத் திடப்பொருள் 5-இலிருந்து 6% ஆகிவிட்டது. 1% மெழுகையே கூடுதலாகப் போட்டிருந்தாலும் ஜெல் இறுகியிருக்கும்.

அதனால் ஒவ்வொரு எமல்சிஃபையருக்கும் நான்கு வகை மாதிரி வேண்டும். முதலாவது, 5% மெழுகு மட்டும். இரண்டாவது, 5% மெழுகும் 1% எமல்சிஃபையரும். மூன்றாவது, 4% மெழுகும் 1% எமல்சிஃபையரும். இங்கே மொத்தம் மாறவில்லை. நான்காவது, மெழுகே இல்லாமல் 1% எமல்சிஃபையர் மட்டும். முடிந்தால் 6% மெழுகு மட்டும் உள்ள குழாய் ஒன்றும் வையுங்கள்.

நான்காவது குழாயைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். அது வெறும் எண்ணெயாக ஓடும் என்று தெரியுமே, எதற்கு வீணாக்குவது என்பது வாதம். அந்தக் குழாயில் மோனோஸ்டீரேட் வெள்ளையாகப் படிந்து நிற்பதைப் பார்த்தால்தான், மைக்ரோஸ்கோப்பில் தெரியும் சின்னத் தட்டுகள் மெழுகா மோனோஸ்டீரேட்டா என்று பிரித்துச் சொல்ல முடியும். ஸ்பான் 80 தெளிவாக நின்றால், இரண்டாவது குழாயில் காணும் மாற்றம் முழுவதும் மெழுகின் மீது அது செய்த வேலை என்று துணிந்து எழுதலாம்.

இந்த வரிசை ஒழுங்காக வந்த பிறகு 0.25, 0.5, 1% என்று அளவுகளை விரியுங்கள். விளைவு நேர்கோட்டில் போகும் என்று எண்ண வேண்டாம். குறைந்த அளவில் இறுக்குவது அதிக அளவில் இளக்கலாம்.

4. அடித்தள ஜெல்லை முதலில் உறுதிப்படுத்துங்கள்

எமல்சிஃபையர் இல்லாமல் 1 முதல் 6% வரை மெழுகுக் குழாய்கள் போடுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கவிழ்த்து, ஒரு மணி நேரம் பாருங்கள். ஒழுகாமல் நிற்கும் மிகக் குறைந்த அளவைக் குறித்துக்கொண்டு, அதற்கு ஓரிரு சதவீதம் மேலே உங்கள் அடித்தளத்தை வையுங்கள். இங்கே 5% என்று வைத்துக்கொள்கிறேன்.

10% மெழுகு போட்டால் பார்வைக்கு அழகான, கத்தியால் வெட்டக்கூடிய ஜெல் கிடைக்கும். ஆனால் படிகங்கள் நெருக்கமாகிவிடுவதால் எமல்சிஃபையர் செய்யும் நுட்பமான மாற்றம் அதில் மறைந்துபோகும். விளிம்பை ஒட்டிய ஜெல்லில்தான் சின்ன மாற்றமும் துலங்கும்.

அடித்தளத்தை மூன்று தனித்தனி பீக்கரில் தயாரித்து, மூன்றும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரே பீக்கரிலிருந்து மூன்று குழாயில் ஊற்றுவது மூன்று மாதிரி ஆகாது.

5. கரைப்பது: 85 டிகிரி, 30 நிமிடம், எல்லா மாதிரிக்கும் ஒன்றே

முதலில் எண்ணெயை 60 டிகிரிக்குக் கொண்டுவந்து, எமல்சிஃபையரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கலக்குங்கள். அது நன்றாகப் பரவிய பிறகு மெழுகைப் போட்டு 85 டிகிரிக்கு ஏற்றி, மூடிவைத்து 30 நிமிடம் நிறுத்துங்கள்.

தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகிவிடும். இருந்தும் 85 வரை போவது ஏனென்றால், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் திரவத்திலும் நுண்ணிய படிக மிச்சங்கள் தங்கியிருக்கலாம். அவை அடுத்து ஆறும்போது விதைகளாகிவிடும். பழைய வெப்ப வரலாறு அழிந்தால்தான் எல்லா மாதிரியும் ஒரே கோட்டிலிருந்து தொடங்கும்.

அதற்கும் மேலே, 100-ஐத் தாண்டி ஏற்ற வேண்டாம். லெசித்தின் பழுப்பேறும். வெள்ளை பீக்கர் ஸ்டாண்டில் வைத்துப் பார்த்தால் இளமஞ்சள் எண்ணெய் தேநீர் நிறத்துக்குப் போவது தெரியும். லெசித்தின் மாதிரிக்கு மட்டும் வெப்பத்தைக் குறைத்துவிட்டு மற்றவற்றை 85-இல் வைப்பதும் கூடாது. வரலாறு வேறுபட்டால் ஒப்பீடு போய்விடும்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, லெசித்தின் தூளை ஒரே கொட்டாகக் கொட்டுவது. பசை போல உருண்டு பீக்கரின் அடியில், ஸ்டிர் பாருக்குக் கீழே ஒட்டிக்கொள்ளும். மேலிருந்து பார்த்தால் எல்லாம் கரைந்தது போலவே இருக்கும். ஊற்றிய பிறகு பீக்கரைச் சாய்த்து அடியை விரலால் தடவிப் பாருங்கள். பிசுக்கு இருந்தால் அந்த மாதிரியில் லெசித்தின் நீங்கள் எழுதிய அளவில் இல்லை.

6. ஆறவைப்பது: முடிவைத் தீர்மானிக்கும் அரை மணி நேரம்

ஜெல்லின் கட்டமைப்பு உருவாவது இந்த நேரத்தில்தான். எமல்சிஃபையர் தன் வேலையைச் செய்வதும் இப்போதுதான். படிகம் முளைப்பது, முளைத்தது வளர்வது, வளர்ந்தவை ஒன்றோடொன்று ஒட்டி வலையாவது என மூன்று கட்டங்களில் எதில் வேண்டுமானாலும் அது குறுக்கிடலாம்.

வேகமாக ஆறினால் ஒரே சமயத்தில் ஏராளமான படிகங்கள் முளைத்துச் சின்னதாகவே நிற்கும். மெதுவாக ஆறினால் குறைவாக முளைத்துப் பெரிதாக வளரும். ஒரு குழாயை ஐஸிலும் இன்னொன்றை மேசையிலும் வைத்தால் எமல்சிஃபையரே இல்லாமல் பெரிய வித்தியாசம் வந்துவிடும்.

ஒரே அளவுக் குழாய், ஒரே உயரத்துக்கு ஊற்றுதல், 25 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஸ்டாண்டில் நிறுத்துதல் ஆகிய மூன்றும் கட்டாயம். தொட்டியின் ஓரக் குழாயும் நடுக்குழாயும் ஒரே மாதிரி ஆறாது. எனவே ஒரு எமல்சிஃபையரின் குழாய்களை ஒரே மூலையில் அடுக்காமல் கலைத்து வையுங்கள்.

ஆறத் தொடங்கிய பிறகு கலக்கக் கூடாது, குலுக்கக் கூடாது, 'கட்டியாயிற்றா' என்று சாய்த்துப் பார்க்கவும் கூடாது. வலை பின்னும் நேரத்தில் அசைத்தால் இணைப்புகள் அறுந்துபோகும். திரும்ப அதே அளவு ஒட்டாது.

இந்தக் கட்டத்தில் செலவில்லாத ஓர் அளவீடு உண்டு. ஒவ்வொரு வகையிலும் ஒரு குழாயில் தெர்மாமீட்டரை நட்டு, கறுப்பு அட்டைக்கு முன்னால் வைத்து, முதல் மேகம் எந்த வெப்பநிலையில் படிகிறது என்று குறியுங்கள். 5% தேன்மெழுகில் அது 40 டிகிரியை ஒட்டி வரும். எமல்சிஃபையர் சேர்த்ததில் மேகம் முன்கூட்டியே, அதாவது கூடிய வெப்பநிலையில், வந்தால் முளைப்பதற்கு அது உதவுகிறது. தாமதித்தால் தடுக்கிறது. டி.எஸ்.சி. கருவி (உருகும்போதும் உறையும்போதும் வெப்ப ஓட்டத்தை அளப்பது) இருப்பவர்கள் இதையே துல்லியமாக அளப்பார்கள். மேகம் பார்ப்பது அதற்குப் பதிலாகாது. ஆனால் திசையைச் சொல்லிவிடும்.

7. ஓய்வு

இன்குபேட்டரில் 24 மணி நேரம். குறைக்காதீர்கள். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் இறுகியதாகத் தெரிந்தாலும் உள்ளே படிகமாதல் நடந்துகொண்டே இருக்கும். எமல்சிஃபையர் தாமதப்படுத்திய மாதிரியை அவசரப்பட்டு அளந்தால் பலவீனமானது என்று தவறாக முடிவு கட்டிவிடுவீர்கள்.

8. அளப்பது: எண்ணெய்க் கசிவு, உறுதி, படிகத்தின் உருவம்

கவிழ்த்துப் பார்க்கும் சோதனை நிற்கிறதா, விழுகிறதா என்று மட்டும் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. அதை நுழைவுத் தேர்வாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கசிவுக்குச் சென்ட்ரிஃபியூஜ் குழாயிலேயே நேரடியாகச் சூடாக ஊற்றி உறைய விட்டிருக்க வேண்டும். உறைந்த ஜெல்லை ஸ்பூனால் எடுத்து அடைத்தால் வலை உடைந்துவிடும். 15 நிமிடம் சுழற்றி, குழாயைத் தாளின் மேல் கவிழ்த்து எண்ணெயை வடித்து, எடை போடுங்கள். கவிழ்த்து வைக்கும் நேரமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

உதாரணக் கணக்கு: ஜெல் 1.02 கிராம், வடிந்த பிறகு 0.91 கிராம். கசிந்தது 0.11 கிராம். ஜெல்லின் எடையால் வகுத்தால் 10.8%. அதிலிருந்த எண்ணெயின் எடையால், அதாவது 0.969 கிராமால், வகுத்தால் 11.4%. இரண்டுமே புழக்கத்தில் உண்டு. எதை எடுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் வேறொருவரின் முடிவோடு ஒப்பிட முடியாது.

உறுதிக்கு ரியோமீட்டர் இருந்தால், 1 ஹெர்ட்ஸில் திரிபை, அதாவது ஜெல்லை உருக்குலைக்கும் அளவை, சிறிதிலிருந்து பெரிதாக ஏற்றிக்கொண்டே போய், விறைப்பைக் காட்டும் மீள் மாடுலஸ் எந்த இடம் வரை சமமாக நிற்கிறது, எங்கே சரிகிறது என்று இரண்டையும் குறியுங்கள். மாடுலஸ் கூடிவிட்டது என்று மகிழ்ந்துவிட்டு, சரியும் இடம் முன்னுக்கு வந்துவிட்டதைக் கவனிக்காமல் விடுவார்கள். விறைப்பாக இருந்தும் நொறுங்கிவிடும் ஜெல் அது. ரியோமீட்டர் இல்லாதவர்கள், ஒரே எடையுள்ள கூம்பு குறிப்பிட்ட நொடிகளில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று அளக்கலாம்.

மைக்ரோஸ்கோப்புக்கு, உறைந்த ஜெல்லைக் கண்ணாடியில் தேய்க்காதீர்கள். சூடான ஸ்லைடில் சூடான துளியை வைத்து, கவர் ஸ்லிப் மூடி, குழாய்களோடு சேர்த்தே ஆறவிடுங்கள். குறுக்குப் போலராய்டுகளுக்கு இடையே எண்ணெய் கறுப்பாகவும் படிகம் வெள்ளையாகவும் தெரியும். மெழுகுப் படிகங்கள் பெரும்பாலும் ஊசி போலவே தோன்றும். உண்மையில் பல மெழுகுகளில் அவை மெல்லிய தட்டுகள். சீட்டை ஓரமாகப் பிடித்துப் பார்த்தால் கோடாகத் தெரியுமே, அதுபோல. 'ஊசி' என்று அறிக்கையில் எழுதினாலும் மனதில் தட்டு என்றே வையுங்கள். ஸ்லைடில் துளி மெல்லியது என்பதால் குழாயைவிட வேகமாக ஆறும். ஆகவே ஸ்லைடை ஸ்லைடோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

9. முடிவைப் படிப்பது

ஓர் அளவீட்டை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். மேகம் படிந்த வெப்பநிலை, படிகத்தின் உருவம், கசிவு, உறுதி நான்கையும் ஒரே வரிசையில் எழுதிப் பாருங்கள். அடிக்கடி வரும் சேர்க்கைகள் இவை.

மேகம் முன்கூட்டியே வருகிறது, படிகம் சிறுத்து எண்ணிக்கை கூடியிருக்கிறது, கசிவு குறைந்திருக்கிறது: எமல்சிஃபையர் முளைப்பைத் தூண்டுகிறது. மெழுகின் அளவு மாறாமலேயே எண்ணெயைப் பிடித்துவைக்கும் பரப்பு கூடியிருக்கிறது. நேர் வால் உள்ளவற்றிடம் முதலில் எதிர்பார்க்க வேண்டியது இதையே.

மேகம் தாமதிக்கிறது, படிகம் குறைந்து பெருத்திருக்கிறது அல்லது கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கிறது, கசிவு கூடியிருக்கிறது: முளைப்பு தடைபட்டிருக்கிறது. கொத்துகளுக்கு இடையே கறுப்பான பெரிய இடைவெளிகள் தெரியும். எண்ணெய் அவ்வழியாகத்தான் வெளியேறுகிறது.

மேகத்திலும் படிகத்திலும் பெரிய மாற்றமில்லை, ஆனால் உறுதி விழுந்திருக்கிறது: இதுதான் தவறாகப் படிக்கப்படும் சேர்க்கை. படிகம் அப்படியே இருக்க, படிகமும் படிகமும் ஒட்டும் இடத்தில் எமல்சிஃபையர் போர்த்திக்கொண்டிருக்கலாம். வலையின் முடிச்சுகள் தளர்ந்திருக்கின்றன. பரவும் தன்மை தேவைப்படும் ஸ்பிரெட் செய்பவருக்கு இது நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

இரண்டாவது மாதிரி இறுகி, மொத்தம் மாறாத மூன்றாவது மாதிரி இளகினால், எமல்சிஃபையர் வெறும் கூடுதல் திடப்பொருளாகவே வேலை செய்திருக்கிறது. அதன் 1 கிராம் மெழுகின் 1 கிராமுக்கு ஈடாகவில்லை. மூன்றாவதும் அடித்தளத்தைவிட இறுகியிருந்தால் மட்டும், இரண்டும் சேர்ந்து தனித்தனியே செய்ய முடியாததைச் செய்கின்றன என்று சொல்லுங்கள். அப்படிப்பட்ட ஜோடிகள் உண்டு. லெசித்தினும் சார்பிட்டன் டிரைஸ்டீரேட்டும் தனித்தனியாகச் சூரியகாந்தி எண்ணெயில் உறுதியான ஜெல் தராது. ஏறத்தாழ சம அளவில் கலந்தால் தரும்.

இந்த முடிவுகளை வேறு வகை ஜெல்லுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். எத்தில் செல்லுலோஸ் ஜெல்லில் வலையைப் பின்னுவது படிகமல்ல, பாலிமர் சங்கிலி. எமல்சிஃபையர் அங்கே சங்கிலிகளை நெகிழ்த்தும் பிளாஸ்டிசைசராக வேலை செய்கிறது. பொருள் அதேதான், விதி வேறு.

10. சேமித்து மறுபடி அளங்கள், தண்ணீர் சேரும் இடத்தில் புதிதாகத் தொடங்குங்கள்

ஒவ்வொரு வகையிலும் கூடுதலாகப் போட்ட குழாய்களை 2 வாரத்திலும் 4 வாரத்திலும் அளக்க வேண்டும். மோனோகிளிசரைடு முதலில் ஆல்ஃபா என்ற படிக வடிவில் உறைந்து, நாளடைவில் நிலையான பீட்டா வடிவுக்கு மாறும். அந்த மாற்றத்தில் தட்டுகள் திரண்டு, பிடித்திருந்த எண்ணெயை விட்டுவிடும். முதல் நாள் முதலிடம் பிடித்த மாதிரியின் மேல், மாதக் கடைசியில் எண்ணெய் மினுங்கிக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம்.

பிஸ்கட் மாவிலோ ஸ்பிரெட்டிலோ இந்த ஜெல்லைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால், அங்கே தண்ணீர் இருக்கும். படிகத்தின் மேல் உட்கார்ந்திருந்த எமல்சிஃபையருக்கு அதைவிடப் பிடித்த இடம், எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கும் பரப்பு, கிடைத்துவிடுகிறது. கொஞ்சமோ நிறையவோ அங்கே நகர்ந்துவிடும். தண்ணீரில்லாத ஜெல்லில் 0.5% சரியாக இருந்தது என்பதற்காக அதே அளவை மாவுக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். தண்ணீரோடு சேர்த்து மூன்றாம் படியின் நான்கு மாதிரிகளையும் மறுபடி போட்டு, அதற்குப் பிறகு அளவைத் தீர்மானியுங்கள். ஹெச்.எல்.பி. அட்டவணையை வெளியே எடுக்க வேண்டியதும் அப்போதுதான்.